மிளகுக் கொடிக்கு எந்தக் கட்டம்?

பழங்குடி மக்களின் வருமானத்துக்கும் நலத்திட்டங்களுக்கும் ஆலோசனை சொல்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பெரியவரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். திட்டம் எழுதும் முன் ஊரில் போய் உட்கார வேண்டும் என்று அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

எனக்கு ஊர் நெல்லை மாவட்டத்து விக்கிரமசிங்கபுரம். சில வருஷம் முன்னால் ஒரு கணக்கெடுப்புக் குழுவோடு பாபநாசத்துக்கு மேலே மலையில் உள்ள காணி என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புக்குப் போயிருந்தேன். படிவத்தின் முதல் கேள்வியே, சொந்த நிலம் எத்தனை ஏக்கர் என்பதுதான். மூட்டுக்காணி (ஊர்த் தலைவர்) கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், பலா மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைத் தொட்டுக்காட்டி, "இது எங்க தாத்தா வச்சது. இதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?" என்றார். எங்களிடம் அதற்குக் கட்டம் இல்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

2006 வன உரிமைச் சட்டப்படி, காட்டில் வாழும் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே உழுதுவரும் நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். தேன், கிழங்கு போன்ற சிறு வனப்பொருட்களும் அவர்களுடையவை. அதைக் கேட்கும் விண்ணப்பத்தைக் கூடவே உட்கார்ந்து நிரப்பித் தர ஆள் வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகைச் செடியிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது. மருந்தைத் தயாரிக்கும் உரிமத்துக்குக் கிடைத்த தொகையில் பாதி அவர்களுக்கென்று ஏற்பாடாகி, 1997இல் அறக்கட்டளையும் பதிவானது. ஆனால் செடியைக் காட்டில் வளர்த்து விற்பதில் வனத்துறையோடு சிக்கல் வந்து, வருமானம் நினைத்தபடி நிலைக்கவில்லை. அந்த அனுபவத்தைப் பற்றிக் கட்டுரையில் வரும் ஐயாவிடம் கேட்டு அடுத்த பகுதியில் எழுதுங்கள்.