வயலினோட தந்தியும் அனுப்புங்கோ

மாகாண மட்டப் போட்டியில வன்னிப் பிள்ளையள் வயலினில இடம் எடுத்தா ரெண்டு நாளைக்கு முகநூல் முழுக்க வாழ்த்து. எடுக்காட்டி, "யாழ்ப்பாணத்தில நல்ல மாஸ்டர்மார் இருக்கினம், எங்களுக்கு ஆர் இருக்கினம்" எண்டு ஒரு கதை. அது பாதி உண்மை. மற்றப் பாதி உறைக்குள்ள கிடக்கிற வயலின்.

வெளிநாட்டுச் சொந்தங்களும் பழைய மாணவரும் நல்ல மனசோட பாடசாலைக்குப் பத்து வயலின் வாங்கித் தருகினம். படமும் எடுக்கிறம். ஆனா மலிவு வயலின் பெட்டியால எடுத்த உடன வாசிக்கிற மாதிரி வாறேல்ல. குதிரை, அதுதான் தந்தியளைத் தாங்கி நிக்கிற மரத்துண்டு, செதுக்காம உயரமா நிக்கும். விரற்பலகை முடியிற இடத்தில மெல்லிய தந்தி 3–3.5 மில்லிமீற்றர், தடிச்ச தந்தி 5–5.5 மில்லிமீற்றர் உயரத்தில நிண்டாக் காணும். அதுக்கு மேல போனா பிள்ளை அழுத்தி அழுத்தி விரல் நோகும். அழுத்தேக்க தந்தி இழுபட்டுச் சுரமும் ஏறிப்போகும். மாஸ்டர் பிள்ளையின்ர காதைப் பேசுவார், பிழை குதிரையில கிடக்கும்.

அடுத்தது தந்தி. கடையில வாறது மேற்கத்தேய ஜி, டி, ஏ, ஈ சுருதிக்குச் செய்தது. நாங்கள் ஸ-ப-ஸ-ப கட்டுறம். 5 கட்டை (ஸ ஜியில நிக்கிற சுருதி) எண்டா ஜியும் டியும் அப்பிடியே நிக்கும், மற்ற ரெண்டும் ஒரு முழுச்சுரம் இறங்கும். சமாளிக்கலாம். அதே தந்தியை 2 கட்டைக்கு (ஸ டியில) இறக்கினா ஏயும் ஈயும் ஸ–ப தூரம் கீழ போயிடும். தளர்ந்த தந்தியில வில்லைக் கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஆடும், சுரத்தை அசைச்சு வாசிக்கிற கமகம் கரகரக்கும். சுருதியை முதலே முடிவெடுத்து, கீழ்ச்சுருதி எண்டா தடிப்பான தந்தி எடுக்க வேணும். இதைக் கேட்டு வாங்கிற பாடசாலை மிகக் குறைவு எண்டதுதான் என்ர கவலை.

இனிக் காலநிலை. வறண்ட சோளகக் காத்துக் காலத்தில மரம் சுருங்கிப் பிரடை (தந்தியைச் சுத்தி முறுக்கிற ஆணி) வழுக்கும், மாரியில ஊதி இறுகும். வழுக்கினா பிரடையைக் கழற்றி வெண்கட்டி பூசி, உள்ளுக்குத் தள்ளிக்கொண்டே திருப்புங்கோ. இறுகினா உலர்ந்த சவர்க்காரத்தை லேசாத் தேய்ச்சாப் போதும்.

முல்லைத்தீவில இருந்து பரந்தன் வழியா யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல. அந்தத் தூரம் முழுக்க வயலினை பஸ்ஸின்ர எஞ்சின் பெட்டிக்கு மேல வைச்சுக் கொண்டு போறவை இருக்கினம்! மரத்தை ஒட்டியிருக்கிற பசை சூட்டில இளகும், ஓரம் வாய்பிளக்கும். மடியில வைச்சிருக்கச் சொல்லுங்கோ.

இறங்கின உடன எல்லாரும் பிரடையை முறுக்கினம். முறுக்க முறுக்கக் குதிரையின்ர தலை விரற்பலகைப் பக்கம் சாயும். அதை ஒருத்தரும் பார்க்கிறேல்ல. ரெண்டு கையாலயும் பிடிச்சு, வால் பக்க (விரற்பலகைக்கு எதிர்ப்பக்க) முகம் நேர் செங்குத்தா வரும் வரைக்கும் மெல்ல இழுத்து விட வேணும். விட்டா ஒரு நாள் படாரெண்டு விழும், உள்ளுக்க நிக்கிற சவுண்ட் போஸ்ற் எண்ட சின்ன மரக்குச்சியும் விழலாம். அதைத் திரும்ப நிறுத்த ஆள் தேடி அலைய வேணும். நாலு தந்தியையும் ஒரேயடியாக் கழற்றக் கூடாது எண்டதும் இதுக்குத்தான். ஒண்டு மாத்தி, சுருதி கட்டி, பிறகு மற்றது.

இடக்கை விரல் தந்தியில வழுக்க எண்ணெய் தொடுற பிள்ளையள் வலக்கையைத் துடைச்சிட்டுத்தான் வில்லைத் தொட வேணும். வில் மயிரில எண்ணெய் பட்டா எவ்வளவு ரொசின் (வில் மயிருக்குப் பூசுற பிசின் கட்டி) பூசினாலும் தந்தியில பிடிக்காது. வாசிச்சு முடிய வில்லைத் தளர்த்தி வைக்கிறதையும் பழக்குங்கோ.

அனுப்புற உறவுகளிட்ட ஒரு கேள்வி. பத்துக்குப் பதிலா ஏழு வயலின் வாங்கினா என்ன? மிச்சக் காசில குதிரை செதுக்கத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒரு நாள் கூலி, வயலினுக்கு ரெண்டு செற் தந்தி, மேலதிகமா முதல் தந்தி கொஞ்சம் (அறுகிறது கூட அதுதான்), ரொசின். புதுத் தந்தி சில நாளைக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும். அதனால போட்டிக்கு ஒரு கிழமைக்கு முந்தியே மாத்திப் போட்டு, கழற்றின பழசைச் சுருட்டி உறைக்குள்ள வைச்சு விடுங்கோ. மேடைக்குப் பின்னால ஒண்டு அறுந்தா, ஏற்கெனவே இழுபட்ட அந்தப் பழசுதான் சுருதியில நிக்கும்.