வீட்டை இடித்துவிட்டுக் கொத்தனார் தேடியவர்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நம் பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணி பிடித்த புது கோச் மேட் கேம்பல் படத்துக்குக் கீழே "பொறுத்தார் பூமியாள்வார்" என்று எழுதிய அந்த மீமை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதத் தெம்பில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொறுமையாகத் தேடியதால்தான் நல்ல கோச் கிடைத்தாராம். பென் ஸ்டேட் பொறுத்திருக்கவில்லை. மாட்டிக்கொண்டு முழித்தது.

பழைய கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை வெளியே அனுப்பியது 2025 அக்டோபர் 12. கேம்பலை அறிவித்தது டிசம்பர் 5. நடுவில் 54 நாள். இதைத் திட்டம் என்கிறார்கள்!

ஃபிராங்க்ளினை நீக்கியதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு திட்ட வராதீர்கள். சீசன் தொடங்கும்போது ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தேசியத் தரவரிசையில் 2-ஆம் இடம். ஒரேகானிடம் இரண்டாம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள், அது போகட்டும். அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத யு.சி.எல்.ஏ-விடம் தோற்றார்கள். அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் நார்த்வெஸ்டர்னிடம் 22-21. முதல் பத்து இடங்களில் இருந்த அணிகளுக்கு எதிராக, இங்கே இருந்த காலம் முழுக்க அவர் கணக்கு 4 வெற்றி, 21 தோல்வி. நீக்கலாம், தாராளமாக நீக்கலாம். ஆனால் அடுத்தவர் யார் என்று தெரிந்துகொண்டு நீக்குங்கள் என்கிறேன். அவ்வளவுதான் என் கட்சி.

தேதி ஏன் முக்கியம் என்று புரியாதவர்களுக்கு. பள்ளிப் பையன்கள் தாங்கள் சேரப்போகும் கல்லூரி அணிக்குக் கையெழுத்திடும் முதல் வாய்ப்பு இப்போது டிசம்பர் முதல் வாரம். 2025-இல் அது 3 முதல் 5 வரை. அதுவரை அவர்கள் கொடுத்திருப்பது வெறும் வாய்வார்த்தை. அதையும் கட்டடத்துக்குக் கொடுக்கவில்லை, கோச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கோச் போன அன்று சாயங்காலமே மற்ற கல்லூரிகளிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்துவிடும். புதியவர் வந்து ஒவ்வொரு வீடாகப் பேச வேண்டும், பழைய உதவி கோச்களில் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும், எந்தப் பையனுக்கு எவ்வளவு வருவாய்ப் பங்கு (கல்லூரி தன் வருமானத்திலிருந்து ஆட்டக்காரருக்குத் தரும் பணம்) என்று புதிதாகத் தொகை சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் குறைந்தது இரண்டு வாரம் பிடிக்கும். அப்படியானால் நவம்பர் நடுவில் ஆள் கையில் இருக்க வேண்டும். பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தால் போதும், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

எண்ணத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். வர்ஜீனியா டெக் தன் கோச் பிரென்ட் ப்ரையை செப்டம்பர் 14-இல் நீக்கியது. உடனே ஆள் பிடிக்க ஓடவில்லை. முதலில் பணம்: நான்கு ஆண்டுகளில் விளையாட்டுத் துறைக்குக் கூடுதலாக 22.9 கோடி டாலர் என்று செப்டம்பர் 30-இல் நிர்வாகக் குழுவில் நிறைவேற்றிவிட்டார்கள். வரப்போகிறவரிடம் காட்ட ஒரு தொகை கையில் வந்த பிறகுதான் ஆள். நவம்பர் 17-இல் அறிவித்தார்கள், கையெழுத்துக்கு 16 நாள் முன்னால். யாரை? நாம் வெளியே அனுப்பிய அதே ஃபிராங்க்ளினை! பென் ஸ்டேட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்த பையன்கள் பலர் அவர் பின்னாலேயே வர்ஜீனியா டெக் இருக்கும் பிளாக்ஸ்பர்க் போய்விட்டார்கள்.

டிசம்பர் 3 அன்று பென் ஸ்டேட்டுக்குக் கையெழுத்திட்டவர்கள் 2 பேர். ஒரு லட்சத்துக்கு மேல் ஆள் கொள்ளும் மைதானம், அதைப் புதுப்பிக்க 70 கோடி டாலர் திட்டம், அதில் வந்து விளையாட இரண்டு பேர்.

"நல்ல ஆள் கிடைக்க நேரம் ஆகும்" என்கிறீர்கள். ஆகும், நீக்குவதற்கு முன்னால் ஆகட்டும். எந்த அத்லெடிக் டைரக்டர், அதாவது கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவர், மேசை டிராயரிலும் எப்போதும் நாலைந்து பெயர் இருக்க வேண்டும். நீக்குவதற்கு முன்பே இடைத்தரகர் வழியாக ஏஜென்ட்டிடம் ரகசியமாக வாய்விட்டுப் பார்க்க வேண்டும்: வருவாரா, வீட்டில் சம்மதிப்பார்களா, இப்போதுள்ள கல்லூரிக்கு அவர் கட்ட வேண்டிய விலகல் தொகை எவ்வளவு. உதவி கோச்களின் சம்பளத்துக்கு மொத்தம் எவ்வளவு ஒதுக்குவோம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கெட்டிக்கார கோச் முதலில் கேட்பது தன் சம்பளத்தை அல்ல, இதைத்தான். பல்கலைக்கழகத் தலைவரும் அறங்காவலர்களும் முன்கூட்டியே தலையாட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் அவர் சரி என்ற அன்று ராத்திரியே ஒரு சுருக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கலாம். விரிவான ஒப்பந்தத்தை வக்கீல்கள் மாதக்கணக்கில் எழுதட்டும்.

இந்த வரிசை தலைகீழானால் என்ன ஆகும்? நாற்காலி காலியென்று ஊருக்கே தெரிந்த பிறகு நீங்கள் தேடுவது அடுத்தவர் சம்பளத்தை ஏற்றிவிடத்தான். ஃபிராங்க்ளின் போன நாலாவது நாள், அக்டோபர் 16, நமக்கு வருவார் என்று பேச்சு அடிபட்ட தன் கோச் கர்ட் சிக்னெட்டிக்கு இந்தியானா புது ஒப்பந்தம் போட்டது. மாதக் கடைசியில் நெப்ராஸ்கா தன் கோச் மேட் ரூலுக்குப் போட்டது, அவர் பென் ஸ்டேட்டிலேயே படித்து விளையாடியவர். பிறகு பி.ஒய்.யு (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்) கோச் கலானி சிடாக்கே. அவர் படித்ததே பி.ஒய்.யு-வில், அணி 11 வெற்றியோடு தன் பிரிவின் (கான்ஃபரன்ஸ்) இறுதி ஆட்டத்துக்குக் காத்திருந்தது. அந்த நேரத்தில் பெயர் வெளியே கசிந்தால் அங்குள்ள பணக்கார ஆதரவாளர்கள் சும்மா இருப்பார்களா? டிசம்பர் 2 அன்று "நான் எங்கும் போகவில்லை" என்று முடிந்தது. மறுநாள் கையெழுத்து நாள். செலவில்லாமல் மூன்று பேர் வீட்டில் விருந்து வைத்துவிட்டோம்.

"அலபாமாவிலும் முதலில் கேட்டவர் வரவில்லையே, பிறகுதானே நிக் சேபன் வந்தார்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மை. 2006 டிசம்பரில் ரிச் ரோட்ரிகஸ் மறுத்தார், 2007 ஜனவரியில் சேபன் வந்து ஆறு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். நல்ல கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று பள்ளிப் பையன்கள் கையெழுத்திட்டது பிப்ரவரியில். ஜனவரியில் வந்தவருக்கும் ஒரு மாதம் கையில் இருந்தது. இன்று யாருக்கு இருக்கிறது?

"நாலு கோடி டாலர் மிச்சமாச்சே" என்பது அடுத்த வாதம். ஃபிராங்க்ளினுக்குத் தர வேண்டியது 4.9 கோடிக்கு மேல். அவர் வேறு வேலை பார்த்தால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், வர்ஜீனியா டெக் போனதும் 90 லட்சத்தில் கணக்கு முடிந்தது. அந்தச் சரத்து எழுதியவருக்கு மாலை போடுங்கள், நானும் வருகிறேன். டெக்சஸ் ஏ அண்ட் எம் அதை எழுதாமல் விட்டதால்தான் ஜிம்போ ஃபிஷருக்கு 2023-இல் 7.6 கோடி அழ வேண்டி வந்தது: 60 நாளுக்குள் 1.92 கோடி, மிச்சம் 2031 வரை ஆண்டுக்கு 72 லட்சம். ஆனால் நம் பணம் மிச்சமானது நம் பையன்களையும் அவரோடு அனுப்பி வைத்ததால். அதையும் ரசீதில் எழுதுங்கள்.

கேம்பல் மோசமானவர் என்று யார் சொன்னது? ஐயோவா ஸ்டேட்டில் பத்து சீசன், அந்தக் கல்லூரி வரலாற்றிலேயே அதிக வெற்றி, 2024-இல் முதல்முறையாக 11 வெற்றி. நல்ல கோச். நல்ல கோச் கடைசியில் கிடைத்தார் என்பதால் தேடிய விதம் நல்லதாகிவிடுமா? பஸ்ஸைத் தவறவிட்டவனுக்குத் தெரிந்தவர் கார் கிடைத்தது, அவ்வளவுதான்.

"அதான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கே." வேறு கல்லூரியில் ஆடுகிறவர்கள் அணி மாறும் வழி அது. இருந்தது, 2026 ஜனவரி 2 முதல் 16 வரை. குவார்ட்டர்பேக் ராக்கோ பெக்ட்டோடு ஐயோவா ஸ்டேட்டிலிருந்து ஒரு பட்டாளமே வந்தது. ஆனால் வளர்ந்த ஆட்டக்காரனுக்கு விலை அதிகம், இருப்பதோ ஓரிரு சீசன். 2025-26-இல் கல்லூரி முழுக்க எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து வருவாய்ப் பங்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். அணியில் 105 பேர். அத்தனை ஓட்டையையும் விலைக்கு வாங்கி அடைத்தால் மூன்றாம் ஆண்டு யார் ஆடுவார்கள்?

அவசரமும் ஆபத்து என்று எனக்கே பாடம் எடுக்காதீர்கள். 2001-இல் நோட்டர் டேம், ஜார்ஜ் ஓ'லியரியை எடுத்து ஐந்தே நாளில் அவர் ராஜினாமாவை வாங்கியது, தன் தகுதி விவரத்தில் பொய் எழுதியிருந்தார். ஒரு போன் செய்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தச் சரிபார்ப்பையும் நீக்குவதற்கு முன்பே முடிக்கலாம் என்றுதானே தொண்டை கிழியக் கத்துகிறேன்.

என்னை நிஜமாகக் கடுப்பேற்றுவது வேறு. 54 நாளும் இடைக்கால கோச்சாக அணியைத் தூக்கிச் சுமந்தவர் டெரி ஸ்மித். இங்கேயே ஆடியவர், 2014-லிருந்து இங்கேயே உதவி கோச். ஐயோவாவிடம் ஒரே புள்ளியில் தோற்றார். பிறகு தேசியப் பட்டமே வென்ற இந்தியானா, கடைசி நிமிடத்தில்தான் அவரிடமிருந்து தப்பி 27-24 என்று கரையேறியது. அடுத்து மிச்சிகன் ஸ்டேட், நெப்ராஸ்கா, ரட்கர்ஸ் என்று வரிசையாக மூன்று வெற்றி. பையன்கள் அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள். பட்டியலில் அவர் பெயர் எத்தனையாவதோ! கேம்பல் அவரை விடாமல் வைத்துக்கொண்டது ஒன்றுதான் இதில் மனதுக்கு ஆறுதல்.

டிசம்பர் 27, யாங்கி ஸ்டேடியத்தில் கிளெம்சனை 22-10 என்று ஜெயித்தார்களே, அன்று கோட்டோரம் நின்றவர் கேம்பல் இல்லை, ஸ்மித். மீம் போட்டவர் அவர் படத்தையும் தேடிப் பிடித்து ஒட்டட்டும், அப்புறம் பூமியைப் பங்கு வைக்கலாம்.