என் அண்ணன் வாழாமல் போகவில்லை

ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனின் படத்திறப்பில் என்ன பேசப்பட்டது என்பது இங்குள்ள பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால், பேசியவர் யார் என்று எழுதப் போவதில்லை. "நல்ல பிள்ளைதான், ஆனால் வாழாமலேயே போய்விட்டான்" என்று ஒலிபெருக்கியில் சொல்லப்பட்ட அந்த ஒரு வரிக்குத்தான் என் பதில். என் அண்ணன் வாழ்ந்தார். தாலி கட்டவில்லை, வீடு கட்டவில்லை, ஆனால் வாழ்ந்தார்.

ஐ.டி.ஐ. முடித்ததும் கிடைத்த தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, ஊரூர் குப்பத்தில் பைபர் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்த்துப் பிழைத்தவர் அவர். கையில் நாலு காசு சேர்ந்தால் பூநாரை பார்க்கப் பழவேற்காட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒடிசாவின் ரிஷிகுல்யா கழிமுகத்தில் பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிட ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கரையேறுவதைப் பார்த்துவிட்டு வந்தவர், வீட்டில் பல நாள் வேறு பேச்சே பேசவில்லை. தை பிறந்துவிட்டால், 1988 முதல் சென்னைக் கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காத்துவரும் மாணவர் குழுவோடு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடப்பார்.

நானும் ஒரு முறை உடன் நடந்திருக்கிறேன். ஆமைத் தடம் திரும்பும் இடத்தில் குச்சியால் மணலைக் குத்திப் பார்த்து, அது இலகுவாக இறங்கிய இடத்தில் மண்டியிட்டு, விரல்களால் மட்டுமே தோண்டினார். ஒன்றரை அடி ஆழத்தில், குடம்போல அடி அகன்ற குழியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஈரமணலோடு துணிப்பையில் வைத்தார். அந்த முட்டைகளைக் கொண்டுபோய்ப் புதைத்துக் காக்கும் பொரிப்பகத்திலும் அதே ஆழத்தில், அதே வடிவில் குழி அமைய வேண்டும் என்பதில் அத்தனை பிடிவாதம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. இவரைத்தான் எதிலும் ஒட்டாதவர் என்கிறார்கள்.

வயதான காலத்துக்கு எதுவும் சேர்த்துவைக்கவில்லையே என்று கேட்பவர்களுக்கு ஒன்று: அவர் யாரிடமும் கடன் வைத்துவிட்டுப் போகவில்லை.

"பெற்றவளைக் கலங்க வைத்தானே" என்பதுதான் அடுத்த குற்றச்சாட்டு. வந்த வரன்களையெல்லாம் அவர் தட்டிக் கழித்த காலத்தில் அம்மா அழுதது உண்மை; அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அம்மா படுத்த படுக்கையானபோது குளிப்பாட்டியது யார், படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டது யார், கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டியது யார்? குடும்பஸ்தர்கள் எல்லோரும் தொலைபேசியில் விசாரித்தார்கள். எஞ்சின் வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு அம்மாவின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தவர், நீங்கள் 'தனிக்கட்டை' என்று சொல்லும் அந்த மனிதர். அன்று யாருக்கும் அவர்மீது பரிதாபம் வரவில்லை, அன்று அவர் எல்லோருக்கும் தேவைப்பட்டார். அவர் வாழ்ந்தார் என்பதற்குச் சாட்சியாகக் குப்பத்துக்காரர்கள் படத்திறப்பு அன்று பின்வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களிடம் ஒலிபெருக்கியைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

நினைவு மலரிலும் 'இல்லற இன்பம் காணாது மறைந்த' என்ற தொடர் அச்சாகப் போவதாக அறிகிறேன். அதை நீக்க வேண்டும் என்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டேன். நீக்க மனமில்லை என்றால், அதில் தங்கை என்று என் பெயரைப் போட வேண்டாம்.