பாரிஸ் பூங்காவில் ஆடுகள் இருந்தும் பஞ்சம் வந்தது ஏன்?

1870-ல் ஜெர்மானியப் படைகள் பாரிஸைச் சுற்றி வளைத்து முற்றுகையிட்டன. "அந்த முற்றுகையில் பாரிஸின் புவா த பூலோன் பூங்கா நிறைய ஆடுமாடு இருந்தது, பஞ்சமெல்லாம் கட்டுக்கதை" என்று சிலர் சொல்வது தவறு. ஆடுமாடுகளை அங்கே அடைத்தது உண்மைதான். சுமார் 2,50,000 செம்மறி, 40,000 மாடு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

அதையே வைத்துப் பார்ப்போம். எலும்போடு ஆட்டுக்கு 20 கிலோ, மாட்டுக்கு 250 கிலோ என்றால் மொத்தம் 15,000 டன். நகரத்தில் 20 லட்சம் பேர். ஆளுக்கு ஏழரை கிலோ. முற்றுகையோ செப்டம்பர் 19 முதல் ஜனவரி 28 வரை, 131 நாள். தினம் 57 கிராம்தான் வரும், அதுவும் எலும்பு சேர்த்து!

அந்த 57 கிராமும் முழுசாகக் கிடைக்காது. பூங்கா ஏறக்குறைய 850 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 300 ஆடு நின்றால் சில நாளிலேயே புல் மொட்டையாகி, குளம்படியில் மண் சேறாகிவிடும். பிறகு ஆடுகளுக்கு மட்டுமே, தலைக்கு ஒன்றரை கிலோ வீதம், தினம் 375 டன் உலர்தீவனம் வேண்டும். முற்றுகைக்குள் அது எங்கிருந்து வரும்? தீவனம் குறைந்தால் முதலில் கொழுப்பு கரையும், பிறகு சதை. அதனால் சீக்கிரம் அறுத்து உப்புக்கண்டம் போட்டாக வேண்டும்.

கறவை மாடுகளைப் போதுமான அளவு சேர்க்காததுதான் பெரிய பிழை. பால் தட்டுப்பாட்டில் முதலில் அடிபட்டவை கைக்குழந்தைகள். உயிரியல் பூங்கா யானைகளை அறுத்து விற்ற கறி வசதியானவர்களுக்குத்தான், மற்றவர்கள் தின்றது பெரும்பாலும் குதிரைக்கறி.