வைஸ்ராய் நஞ்சில்லாப் பட்டாம்பூச்சியா?

பரவும் செய்தி: “நஞ்சே இல்லாத வைஸ்ராய், நச்சுள்ள மொனார்க் பட்டாம்பூச்சி போல வேஷம் போட்டுப் பறவைகளை ஏமாற்றுகிறது.” இது தவறு. பழைய பாடநூல்களில் இருந்ததுதான், இன்னும் ஓயவில்லை.

1991-இல் டேவிட் ரிட்லண்ட், லிங்கன் பிரோவர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புளோரிடாவில் இதைச் சோதித்தார்கள். இறக்கையைப் பார்த்தே பறவை ஒதுக்கிவிட்டால், உள்ளே ருசி எப்படி என்று தெரியாது அல்லவா? அதனால் இறக்கைகளை அகற்றி, வயிற்றுப் பகுதியை மட்டும் செந்தோள் கரும்பறவைகளுக்குக் கொடுத்தார்கள். மற்ற சாதாரணப் பட்டாம்பூச்சிகளைப் பறவைகள் விழுங்கின. வைஸ்ராயையோ மொனார்க்கைப் போலவே பெரும்பாலும் ஒதுக்கின.

மொனார்க் புழு, எருக்கின் உறவான மில்க்வீட் செடியிலிருந்து இதயத்தைத் தாக்கும் நஞ்சைச் சேர்க்கிறது. வைஸ்ராய் புழு தின்பது வில்லோ மரத்தின் இலை. அந்த இலையில் உள்ள சாலிசின் என்ற கசப்பான பொருள் அதன் உடலில் தங்குகிறது.

ஆக இது பேட்சியன் மிமிக்ரி (நஞ்சில்லாத இனம் நச்சுள்ளதைப் போல வேஷம் போடுவது) அல்ல, முல்லேரியன் (ருசியற்ற இரு இனங்கள் ஒரே கோலத்தில் இருப்பது). பேட்சியனில் போலி பெருகினால் அசலுக்கு ஆபத்து: ருசி கண்ட பறவை இரண்டையும் துரத்தும். முல்லேரியனில் நிலைமை நேர்மாறு. இந்தக் கோலம் ருசியற்றது என்று பறவை கற்கும்வரை நேரும் உயிரிழப்பை இரு இனங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன.

படத்தில் இரண்டையும் பிரித்தறிய, பின்னிறக்கையைப் பாருங்கள்: நரம்புகளைக் குறுக்காக வெட்டும் கருங்கோடு இருந்தால் வைஸ்ராய்.