பொது ஆங்கிலத்தை விட்டுடாதேங்கோ
"ஏஎல்ல (உயர்தரத்தில) மூண்டு பாடத்தை மட்டும் பாருங்கோ, மிச்சம் கம்பஸ் போய்ப் பாக்கலாம்" எண்டு கட்டுரையில போட்டிருக்கிறதை என்னால ஏற்க முடியேல்ல, நானும் திருகோணமலையில தமிழ் மீடியத்தில பயோ செய்யேக்க அப்பிடித்தான் இருந்தனான், பொது ஆங்கிலம் கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோர் புள்ளிக்குச் சேராதெண்டு அந்தப் பாடத்தில மேசைக்குக் கீழ கெமிஸ்ரி பாஸ்ட் பேப்பர் செய்வன். கம்பஸில முதல் கிழமையே லெக்சர் முழுக்க இங்கிலிஷ். இழையுருப்பிரிவு கண்ணை மூடிக்கொண்டு கீறுவன், ஆனா அதே பாடம் ஸ்லைட்டில மைட்டோசிஸ் எண்டு இங்கிலிஷில ஓடேக்க ஒரு கேள்வி கேக்க வாய் வரேல்ல, இரவில ஹொஸ்டல்ல டிக்சனரியோட இருந்து அழுதிருக்கிறன். கட்டுரைக்குக் கீழ, இங்கிலிஷ் படிக்க நேரமில்லை எண்டு கருத்து எழுதின தங்கச்சி, ரியூசன் முடிஞ்சு நிலாவெளி பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் காணுமம்மா, கொப்பியில தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில இங்கிலிஷையும் எழுதுங்கோ, ஒரு நாளைக்கு 5 சொல் போதும்.