எல் அண்ட் டி கையில் ஆர்டர் இருக்கிறது, ஆள் எங்கே?

பெரிய கட்டுமானக் கம்பெனியான எல் அண்ட் டி-யைப் பற்றி நம்ம ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். சவூதியிலும் துபாயிலும் இருப்பவர்கள் "பங்கு வாங்கிப் போடலாமாண்ணே?" என்கிறார்கள். தேவிபட்டினத்திலும் பெரியபட்டினத்திலும் மண்டபத்திலும் இருக்கும் தம்பிகள் "அந்தக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறாங்களாம், போகலாமாண்ணே?" என்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்வி. நானே கொஞ்சம் பங்கு வைத்திருப்பவன், பல வருடம் சைட்டுகளில் டைம் ஆபீஸ் வேலை, அதாவது ஆள் வருகைக் கணக்கு எழுதும் வேலை, பார்த்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. 2024-25 நிதியாண்டில் கம்பெனியின் மொத்த வருமானம் 2,55,734 கோடி ரூபாய். முந்தைய ஆண்டைவிட 16 சதவீதம் கூடுதல். நிகர லாபம் 15,037 கோடி. அந்த ஒரே ஆண்டில் புதிதாகப் பிடித்த ஆர்டர் 3,56,631 கோடி. 2025 மார்ச் கடைசியில் செய்து முடிக்க வேண்டிய ஆர்டராகக் கையில் இருந்தது 5,79,137 கோடி. அடுத்த ஆறே மாதத்தில் அது 6.67 லட்சம் கோடியைத் தொட்டுவிட்டது. பங்குக்கு 34 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தார்கள்.

இவ்வளவு பெரிய எண்கள் நமக்குப் பிடிபடாது. இப்படிப் பாருங்கள். அந்த வருமானத்தை 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 700 கோடி வருகிறது. நம் புதிய பாம்பன் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் 17 மீட்டர் மேலே ஏறுகிற 72.5 மீட்டர் தூக்குப் பகுதி எல்லாம் சேர்த்து, ஆன செலவு 550 கோடி சொச்சம். எல் அண்ட் டி-க்கு அது ஒரு நாள் வருமானம்கூட இல்லை. (பாம்பன் பாலத்தை எல் அண்ட் டி கட்டியதாக ஊரில் சிலர் சொல்கிறார்கள். அது தப்பு. ரயில்வேயின் சொந்தக் கம்பெனியான ஆர்.வி.என்.எல். எடுத்து நடத்திய வேலை அது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்தார்கள்.)

ஆர்டர் புக் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கட்டுமானக் கம்பெனியை நம்பிவிடக் கூடாது. ஐ.வி.ஆர்.சி.எல். என்று ஒரு ஹைதராபாத் கம்பெனி இருந்தது. சென்னைக்குத் தண்ணீர் தருகிற மீஞ்சூர் கடல்நீர் ஆலையை ஒரு ஸ்பெயின் கம்பெனியோடு சேர்ந்து கட்டியவர்கள். ஆயிரக்கணக்கான கோடிக்கு ஆர்டர் வைத்திருந்த அந்தக் கம்பெனியை 2019-ல் கலைத்து விற்க உத்தரவாயிற்று. லான்கோ இன்ஃப்ராடெக்கும் அப்படித்தான் போனது, புஞ்ச் லாயிடும் அப்படித்தான் போனது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: சொந்தக் கடனில் ரோடு போட்டு, சுங்கம் வசூலித்துப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று இறங்குவார்கள். நிலம் கைக்கு வர இழுக்கும், வண்டி எண்ணிக்கை கணக்குப்படி வராது, அரசிடம் பில் நிற்கும், வட்டி மட்டும் நிற்காது.

எல் அண்ட் டி-யும் இந்தச் சூட்டை உணர்ந்ததுதான். ஹைதராபாத் மெட்ரோ, 69 கிலோமீட்டர், அவர்கள் பணமும் கடனும் போட்டுக் கட்டியது. பயணிகள் வந்தார்கள், ஆனால் கடனைத் தாங்குகிற அளவு வருமானம் வரவில்லை. 2025 செப்டம்பரில் தெலங்கானா அரசு அதைச் சுமார் 13,000 கோடி கடனோடு எடுத்துக்கொள்ள இசைந்தது. அதற்கு முன்பே, 2024-ல், சுங்கச் சாலைகளை வைத்திருந்த ஐ.டி.பி.எல். என்ற தன் கம்பெனியை விற்றுவிட்டார்கள். கட்டிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருகிற வேலையே போதும் என்ற முடிவு அது. எனக்கு இந்தக் கம்பெனி மேல் நம்பிக்கை வந்ததே இந்த விஷயத்தில்தான். நடைமுறை மூலதனம், அதாவது பொருளிலும் வராத பில்லிலும் மாட்டிக்கொண்டிருக்கும் பணம், 2025 மார்ச்சில் வருமானத்தில் 11 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. கட்டுமானத் தொழிலில் இது பெரிய ஒழுங்கு.

நம் பரமக்குடி - ராமநாதபுரம் நாலுவழிச் சாலையையும் இதே கண்ணோடு பாருங்கள். 46.7 கிலோமீட்டர், 1,853 கோடி, 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது. 'ஹாம்' முறை. கட்டும்போது அரசு 40 சதவீதம் தரும். மீதி 60-ஐ ஒப்பந்தக்காரர் புரட்டிப் போட்டு, பல வருடத்தில் தவணையாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதை யார் எடுத்தாலும், முதலில் அவர்களுடைய கடன் எவ்வளவு என்று பார்ப்பேன். ஜல்லி, கிராவல், டிப்பர் என்று நம்ம ஆட்கள்தான் அந்த வேலைக்குக் கடன் கொடுத்து நிற்கப் போகிறார்கள்.

சரி, பணத்தில் ஒழுங்கு இருக்கிறது, ஆர்டரும் குவிந்திருக்கிறது. அப்புறம் எனக்கு என்ன கவலை?

ஆள்தான் கவலை. கட்டுமானம், உற்பத்தி வேலைகளில் வட்டி, தேய்மானம், வரி எல்லாம் கழிப்பதற்கு முன்னால் இவர்களுக்கு மிஞ்சுவது நூற்றுக்கு எட்டு ரூபாய் சொச்சம். வேலை ஆறு மாதம் இழுத்தால் கிரேன் வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், தாமத அபராதம் என்று அந்த எட்டு கரைந்துவிடும். வேலை இழுப்பதற்கு இன்று பெரிய காரணம் ஆள் பற்றாக்குறை. 2024-ல் 25,000 முதல் 30,000 தொழிலாளிகள் குறைவாக இருக்கிறார்கள் என்று கம்பெனித் தலைவர் எஸ்.என். சுப்ரமணியனே சொன்னார். 2025 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தொழிலதிபர்கள் கூட்டத்தில் இன்னும் விளக்கமாகவே பேசினார். எந்த நேரத்திலும் 4 லட்சம் தொழிலாளி வேண்டும், ஆனால் வருகிறவர்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதால் வருடத்துக்கு 16 லட்சம் பேரை எடுக்க வேண்டியிருக்கிறது என்றார்.

இந்த இரண்டு எண்ணையும் ஒரு முறை யோசித்துப் பாருங்கள். நாலு பேர் வேலைக்குப் பதினாறு பேரை எடுக்கிற இடத்தில் எவனும் தொழில் பழக மாட்டான். சென்ட்ரிங் அடிப்பவன் மட்டம் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்குள் ஊருக்குப் போய்விடுகிறான். அடுத்து வருகிற புதியவனுக்கு மறுபடி பாதுகாப்பு வகுப்பு, மறுபடி ஹெல்மெட், மறுபடி முதலிலிருந்து. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கயிற்றில் நிற்பவர்கள் பாதியில் மாறிக்கொண்டே இருந்தால், எவ்வளவு மீன் விழுந்திருந்தாலும் வலை கரையேறாது. 6.67 லட்சம் கோடி ஆர்டரைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பயம்தான் வருகிறது.

ஆள் ஏன் வரவில்லை என்பதற்கு சுப்ரமணியன் சொன்ன காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நூறு நாள் வேலை, வங்கிக் கணக்கில் நேராக வருகிற உதவித்தொகை, ஊரிலேயே இருக்கிற சௌகரியம், இதெல்லாம் இருப்பதால் தொழிலாளிகள் இடம்பெயர விரும்பவில்லை என்றார். நம் மாவட்டத்தை வைத்து இதற்குப் பதில் சொல்லலாம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுதாகக் கிடைத்தாலும் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 33,600 ரூபாய். இதற்காகவா ஒரு வெல்டர் சாயல்குடியில் உட்கார்ந்திருக்கிறான்?

இடம்பெயர மறுக்கிற சனமா நாம்? கீழக்கரையிலும் பனைக்குளத்திலும் தொண்டியிலும் வளைகுடாவில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் மழை பொய்த்தால் அன்றைக்கே பை கட்டுகிற ஊர்கள் இருக்கின்றன. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும் என்று பயந்து, பிள்ளையைப் படகில் ஏற்றாமல் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுக்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். வட்டிக்கு வாங்கி, ஏஜெண்டுக்குக் கொட்டிக் கொடுத்து, கடல் தாண்டிப் போகிறவன் சென்னைக்கோ சூரத்துக்கோ போக ஏன் தயங்குகிறான்?

பதில் அவர் பேச்சிலேயே இருந்தது. வளைகுடாவில் நம் தொழிலாளிக்கு இங்கே கிடைப்பதைவிட மூன்று, மூன்றரை மடங்கு கிடைக்கிறது என்று அதே மேடையில் அவரே சொன்னார். எல் அண்ட் டி-யின் ஆர்டரில் கிட்டத்தட்டப் பாதி வெளிநாட்டில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி வளைகுடாவில். 2022 உலகக்கோப்பைக்குக் கத்தாரில் அகமது பின் அலி மைதானத்தை ஒரு உள்ளூர்க் கம்பெனியோடு சேர்ந்து கட்டியவர்கள் இவர்கள். அதே கம்பெனி, அதே கம்பி, அதே கான்கிரீட். சவூதியின் தம்மாமில் கட்டினால் ஒரு கூலி, இங்கே கட்டினால் அதில் மூன்றில் ஒன்று. அப்படியானால் விமானம் ஏறத்தானே செய்வான்?

பணம் மட்டுமில்லை. தம்மாமில் எட்டு வருடம் ஸ்காஃபோல்டிங், அதாவது சாரம் கட்டும் வேலை பார்த்துவிட்டு வந்த எங்கள் தெருத் தம்பி ஒருவன் சொன்னான்: "அங்க கேம்ப்ல ஏசி இருக்குண்ணே. சம்பளம் இந்தத் தேதின்னா அந்தத் தேதி. இங்க யார்ட்ட வாங்கணும்னே தெரியாது." சவூதியிலும் அமீரகத்திலும் ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை மதிய வெயிலில் திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. வளைகுடாவில் எல்லாம் சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. விசாக் கடனில் மூழ்கிய குடும்பங்களையும் பெட்டியில் வந்த பிள்ளைகளையும் நம் கரை நிறையப் பார்த்திருக்கிறது. ஆனாலும் போகிறார்கள் என்றால், இங்கே சைட் நிலைமை என்ன என்று முதலாளிகள் கேட்க வேண்டாமா?

"யார்ட்ட வாங்கணும்னே தெரியாது" என்றானே, அதுதான் வேர். பெரிய கம்பெனி சப் கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும். அவர் இன்னொருவருக்கு. அவர் மேஸ்திரிக்கு. தொழிலாளி கைக்கு வருவதற்குள் நாலு கை மாறுகிறது. நான் இருந்த ஒரு சைட்டில், பெயர் வேண்டாம், சப் கான்ட்ராக்டர் ஒருவர் பில் பாஸாகவில்லை என்று சொல்லியே மாதக்கணக்கில் கூலியை இழுத்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்களில் பாதிப் பேர் திரும்பவே இல்லை. வேலை நின்றதும், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார்கள், சோம்பேறிகள் என்று ஆபீசில் பேசினார்கள். வருகைப் பதிவேட்டை எழுதியவன் நான். ஒரு நாள் லீவு போடாமல் நின்றவர்கள் அவர்கள். கான்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் அவரை வேலைக்கு வைத்த முதன்மை வேலையளிப்பவர் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1970-லேயே சட்டம் வந்துவிட்டது. சைட்டில் அதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

எல் அண்ட் டி இதைச் சரி செய்ய முடியாத கம்பெனி இல்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். கட்டுமானப் பிரிவின் தலைமையிடமே சென்னை மணப்பாக்கத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் கட்டுமானத் தொழில் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்கள். ராமநாதபுரம் பின்தங்கிய மாவட்டம் என்று மத்திய அரசே 2018-ல் பட்டியலிட்டது. பரமக்குடியிலும் முதுகுளத்தூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அந்தப் பயிற்சிப் பள்ளியின் ஒரு கிளையை இங்கே கொண்டுவரட்டும். படித்து முடிப்பவனை மேஸ்திரி கையில் விடாமல் கம்பெனியே நேரடியாக எடுக்கட்டும், பி.எஃப். எண்ணோடு, தேதி தவறாத சம்பளத்தோடு. வளைகுடாக் கூலியில் பாதி கொடுத்தால்கூட எத்தனை பேர் விசாக் கடன் வாங்காமல் இங்கேயே நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் என்னிடம் பேசுகிறார்கள்.

ஆகவே பங்கைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: நான் விற்கவில்லை, இப்போதைக்குக் கூடுதலாக வாங்கவும் இல்லை. ஆர்டரில் பெரும்பங்கை வளைகுடா தாங்குகிறது, அங்கே போர்மேகம் சூழ்ந்தாலோ எண்ணெய் விலை சரிந்தாலோ இவர்களுக்கும் வலிக்கும், கூடவே நம் வீடுகளுக்கும் வலிக்கும். வேலைக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிகளுக்கு: போங்கள். ஆனால் சேரும் முன்னால், சம்பளச் சீட்டு யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். கம்பெனி பெயரா, சப் கான்ட்ராக்டர் பெயரா, பி.எஃப். எண் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆண்டறிக்கையில் தொழிலாளர் பாதுகாப்பு, விபத்து, ஒப்பந்த ஆட்கள் பற்றி ஒரு பகுதி வருகிறது. பெரிய கம்பெனிகள் அதை வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அடுத்த அறிக்கை வந்ததும் லாபப் பக்கத்துக்கு முன்னால் அதைத்தான் திறக்கப் போகிறேன். பதினாறு லட்சம் பத்து லட்சமாகக் குறைந்திருந்தால் கூடுதலாகப் பங்கு வாங்குவேன்.